ஒரு பழைய கேமின் நிறைகுறைகள்

எங்கள் வீட்டில் எந்த விஷயமும் சும்மா முடிவாகாது. அப்பா மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்தார். அங்கே அவர் எழுதிய குறிப்புகளை மேலிடத்தில் யாராவது படித்தார்களா என்பது தெரியாது. வீட்டில் நாங்கள் எழுதியதை அவர் படித்தார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவேண்டும் என்றால்கூட அண்ணனும் நானும் ஒரு முழுத்தாளில் இடப்பக்கம் மார்ஜின் விட்டு, காரணங்களை வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். அவர் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்புவார். போய்ப் பேசினால், “அச்சா, யோசிக்கலாம்” என்பார்.

அதனால் நான் ஆறாம் வகுப்பில் இருந்த அந்தக் குளிர்காலத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு கேமை வைத்திருப்பதா அழிப்பதா என்ற பிரச்சினை வந்தபோது, அதற்கும் ஒரு விசாரணை நடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. டெல்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டே அறைகளில் ஆறு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், சித்தப்பா, அந்த ஆனியில் கல்யாணமாகி வந்த சித்தி. அம்மாவும் ஆபீஸ் போகிறவள். காலை எட்டரைக்கெல்லாம் சார்ட்டர்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள். சித்தப்பாவுக்கு ஆடிட் வேலை. மாதத்தில் இருபது நாள் மீரட், அம்பாலா என்று எங்காவது கேம்ப்பில் இருப்பார். அவர் தனக்கென்று தனி குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் யாரோ ‘பேசவும்’ என்று எழுதி வைத்திருக்கவேண்டும். பதில் வரவில்லை.

கம்ப்யூட்டர், கூடத்து மூலையில் பூவேலை செய்த துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா டைப் அடித்துப் பழகுவதற்காக வாங்கியது. அவர் பழகினாரோ இல்லையோ, அண்ணன் தன் வகுப்புத் தோழனிடமிருந்து ஒரு கேமைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டான். அப்போதே அது பழைய கேம். ஆட்கள் கட்டைவிரல் உயரத்தில், கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். அண்ணன் அதை ‘ஆர்.பி.ஜி.’ என்றான். அப்பா அது எந்தத் துறையின் சுருக்கம் என்று கேட்டார்.

கதை இவ்வளவுதான்: ஒரு ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு ஆள் கிளம்பிப் போய், அணைந்து கிடக்கும் ஏழு கலங்கரை விளக்குகளை ஏற்றவேண்டும். வழியில் சண்டை போட்டால் பலம் கூடும். எதிர்ப்படுகிற யாரிடமும் போய் நின்று பட்டனை அழுத்தினால், பேசுவார்கள். பேசுவது என்றால் குரல் கிடையாது. கீழே ஒரு கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது அண்ணனுடையது, இரண்டாவது என்னுடையது. மூன்றாவதில் ஏதோ இருந்தது. தீபாவளி லீவில் சித்தப்பா ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார், அவருடையதாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அதில் இன்னொருவர் ஆட்டத்தைத் திறந்து பார்க்க யாருக்குப் பொழுது இருந்தது?

பிரச்சினை கார் ரேஸில் தொடங்கியது. அண்ணனுக்கு அதே தோழன் புதிதாக ஒரு கார் ரேஸ் சிடி தந்தான். திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடவேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. பழையதை எடுத்தால்தான் புதியது ஏறும். அண்ணன் ஐந்து விளக்கு ஏற்றியிருந்தான், அவனுக்கு அலுத்துவிட்டது. நான் மூன்றாவது விளக்கை அப்போதுதான் நெருங்கிக்கொண்டிருந்தேன். அழுதேன். அப்பா இரண்டு முழுத்தாள்களை எடுத்து நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருதரப்பும் ஆஜராகவேண்டும்.

எனக்கு எழுத ஒன்றும் ஓடவில்லை. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதை எத்தனை விதமாக எழுதுவது? வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி சோறு போட்டாள். பின்னால் உட்கார்ந்து என் தலையைச் சிக்கெடுத்தாள். சித்திக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. திருச்செந்தூர் பக்கம். பி.எஸ்ஸி. படித்தவள். ஆங்கிலம் படித்தால் புரியும், பேசக் கூச்சம். இந்தி அறவே தெரியாது. காய்கறி வண்டிக்காரன் கீழிருந்து கூவினால், சித்திக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, நான் பால்கனியில் நின்று இந்தியில் கத்துவேன். நான் இல்லாத நாட்களில் வீட்டில் உருளைக்கிழங்குதான்.

“என்ன பாப்பா, எழுத்து நகரலியா?” என்றாள்.

அண்ணன் என்ன எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டிருந்தேன். படம் மோசம், சண்டை எல்லாம் ஒரே மாதிரி, பலம் கூட்ட மணிக்கணக்கில் நண்டுகளை அடித்துக்கொண்டிருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் இருக்கிறவர்கள் எத்தனை தடவை போனாலும் சொன்னதையே சொல்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி இருக்கிறாள். ‘வந்துவிட்டாயா, ரொட்டி இன்னும் சூடாக இருக்கிறது’ என்பாள். ஒரு வருஷம் கழித்துப் போனாலும் சூடாகவே இருக்கிறது என்பாள். இது முட்டாள்தனம் என்று அண்ணன் அடிக்கோடிட்டு எழுதியிருந்தான்.

சித்தி சீப்பைக் கொஞ்சநேரம் நிறுத்தினாள்.

“வந்துட்டியான்னு கேக்குதாள்ல. அது நல்லாத்தான இருக்கு,” என்றாள். “சொன்னதையே சொல்லுதாங்கன்னு அவன் சொன்னா, நீ எத்தன தடவ பேசிப் பாத்தேன்னு திருப்பிக் கேளு. கட்டாயம் கேளு.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். நண்டு அடிப்பது சலிப்புத்தான், ஆனால் தோற்றுப்போனாலும் யாரும் திட்டுவதில்லை, மறுபடி ஆற்றங்கரையில்தான் எழுப்பிவிடுகிறார்கள். படம் மோசம்தான், ஆனால் முகம் தெளிவாக இல்லாததால் நமக்கு வேண்டிய முகத்தை வைத்துக்கொள்ளலாம். கார் ரேஸில் போய்க்கொண்டே இருக்கவேண்டும், இதில் நிற்கலாம். நான் வேகவேகமாக எழுதினேன். என் தமிழ் எழுத்து கோணல்மாணல் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கேமைப் பற்றிச் சித்திக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறவள்தானே, பார்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மொட்டைமாடியில் எதிர்வீட்டுப் பஞ்சாபி மாமியும் மற்றவர்களும் கட்டில் போட்டுக் கம்பளி பின்னத் தொடங்கியிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் கூடத்தில் அப்பா மஃப்ளருடன் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா முந்தின நாள்தான் கேம்ப்பிலிருந்து திரும்பியிருந்தார். அம்மாவும் சித்தியும் கீழே உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். அப்பா நடுவர், அவருக்கு ஓட்டு இல்லை. மற்ற மூன்று பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு ஓட்டு.

அண்ணன் முதலில் பேசினான். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவன். கையை ஆட்டி, இந்தியும் தமிழுமாக வெளுத்து வாங்கினான். சித்தப்பா நடுநடுவே ஆடிட் கேள்விகள் கேட்டார். அந்த நண்டுகளுக்கு யார் பொறுப்பு, ஆற்றங்கரை எந்த ஜில்லா என்று. அம்மா சிரித்தாள்.

என் முறை வந்தது. தாளைப் பார்த்துப் படித்தேன். எனக்கே தெரியாமல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தோற்றாலும் திட்டுவதில்லை என்ற இடத்தில் அப்பா தலையை ஆட்டியது நினைவிருக்கிறது. சித்தப்பா, “நல்ல பாயின்ட்,” என்றார். அப்புறம் சித்தி சொன்னபடி அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

“எத்தனை தடவை பேசிப் பார்த்தே?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவைதானே.”

“அதுக்கு மேல எந்தப் பைத்தியக்காரன் பேசுவான்?” என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியைப் பார்த்தேன். அவள் ஒரு பட்டாணித் தோலைப் பிரித்து, உள்ளே ஒன்றும் இல்லாததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அத்தோடு விடவில்லை. கம்ப்யூட்டரின் துணியை எடுத்து, கேமைத் திறந்து, படம் எவ்வளவு மோசம் என்று எல்லோருக்கும் காட்டப்போனான். சேமித்த ஆட்டங்களின் பட்டியல் திரையில் வந்தது. அவனுடையது, என்னுடையது. மூன்றாவதன்மீது போய் நின்றான்.

“இதென்ன?”

மூன்றாவது ஆட்டத்தில் ஆளுக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் பலம் அண்ணனுடையதைவிடக் கூடுதல். ஏற்றிய விளக்கு ஒன்றுகூட இல்லை. இருக்கும் இடம், முதல் ஊர். ஆடிய நேரம் என்று கீழே ஓர் எண் வரும். அது இருநூறு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

அண்ணன் திறந்தான். அந்தப் பெயரில்லாத ஆள் ரொட்டிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“சித்தப்பா, நீங்களா?”

“நான் ஒரு நாள் அரைமணி நேரம் உக்காந்தேன். வெளிய போற வழியே தெரியல, எந்திரிச்சுட்டேன்,” என்றார் சித்தப்பா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன். வாரத்துக்கு இரண்டு மணி என்றால் இருநூறு மணிக்கு எத்தனை வாரம் ஆகும் என்று அவரே யோசித்துவிட்டு, அது சாத்தியமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் குதூகலமாகிவிட்டான். பார்த்தீர்களா, கேமுக்குக் கடிகாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை, இதுவும் ஒரு குறை என்று சேர்த்துக்கொண்டான். இல்லை, நிஜமாகவே யாரோ ஆடியிருக்கிறார்கள் என்றால் அது இன்னும் பெரிய குறை. ஒரு ஆள் முதல் ஊரிலேயே இருநூறு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறான், போய் வேலையைப் பார் என்று அந்த கேம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

“யாரோ வேல வெட்டி இல்லாத ஆளு,” என்றாள் அம்மா, பட்டாணித் தட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டே.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, பால் பொங்கிவிடும் என்று உள்ளே போனாள். டீயோடு திரும்பி வரும்வரை ஓட்டெடுப்பு காத்திருந்தது.

அம்மா எடுத்துவிடலாம் என்றாள். இரண்டையுமே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்பது அவள் கருத்து. சித்தப்பா எனக்கு ஓட்டுப் போட்டார். மிச்சம் சித்தி.

“நீ சொல்லும்மா,” என்றார் அப்பா.

எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று அண்ணனைப் பார்த்து நாக்கைக்கூடத் துருத்தினேன். சித்தி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“எடுத்துருங்க,” என்றாள். “ஒரே இடத்துல என்னத்துக்குக் கிடக்கணும்.”

அண்ணன் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தான். மூன்று ஆட்டங்களும் அதோடு போயின. மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க கார்ச் சத்தம்.

நான் சித்தியோடு பேசுவதை நிறுத்தினேன். குழந்தைகளுக்குத் தெரிந்த தண்டனை அதுதான். அதை நான் முறையாகச் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தலையைச் சிக்கெடுக்க வந்தால் நகர்ந்து உட்கார்ந்தேன். வண்டிக்காரன் கூவியபோது சித்தி பால்கனிப் பக்கம் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். வண்டி அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டது. “பாப்பா, பேச மாட்டியா?” என்று இரண்டாம் நாள் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். நான்காம் நாள் கேட்கவில்லை. நான் வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, போய் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அண்ணன் வரச் சாயங்காலம் ஆகும். படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொஞ்சநேரத்தில் பசித்தது, அப்புறம் பயம் வந்தது. கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாளோ என்று நினைத்தேன். மேலே மொட்டைமாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தால், கட்டிலில் பஞ்சாபி மாமிக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைக் கம்பளி நூல். மாமி ஏதோ கேட்க, சித்தி விரலை மடக்கி, “ஏக்… தோ…” என்று சொல்லிவிட்டு மூன்றுக்கு மாட்டிக்கொண்டு நின்றாள். மாமிகள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தி என்னைப் பார்த்தாள்.

“மூணுக்கு என்ன பாப்பா?”

“தீன்,” என்றேன். சண்டை அதோடு முடிந்தது. எனக்குப் பசி.

அடுத்த வருஷம் சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, சித்தப்பாவும் சித்தியும் போய்விட்டார்கள். சித்தியின் இந்தி என்னுடையதைவிட நன்றாக ஆகிவிட்டது. துணிக்கடைக்காரர்கள் அவளைப் பார்த்தால் பேரத்தை ஆரம்பிக்கவே பயந்தார்கள். அந்த கேமை அண்ணன் கல்லூரி விடுதியில் மறுபடி ஏற்றி ஏழு விளக்குகளையும் முடித்தான். நானும் முடித்தேன். அது நல்ல கேமா இல்லையா என்று வெகுநாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேலை கிடைத்த புதிதில் ஒரு விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மகள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பேச்சு பழைய கேமுக்குப் போனது. எல்லாம் சரி, ஊர்க்காரர்கள் சொன்னதையே சொல்வதுதான் குறை, அந்த விஷயத்தில் அண்ணன் சொன்னது நியாயம்தான் என்றேன்.

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “வடக்கு வாசல்ல ஒரு காவக்காரன் நிப்பாம்லா,” என்றாள். “பேரு கேட்டா சொல்ல மாட்டான். ‘வேலையைப் பார்’ம்பான். பன்னெண்டாவது தடவ கேட்டா சொல்லுவான். அதுக்கப்புறம் நீ எப்பப் போனாலும், வா உக்காரு, உன் ஊர்க்கதையச் சொல்லுன்னு சொல்லுவான்.”

நான் அந்த கேமை இரண்டு தடவை முடித்தவள். அந்தக் காவல்காரனை நாங்கள் யாரும் இரண்டாவது தடவைக்கு மேல் கேட்டதில்லை. வெறும் பெயர்க்கட்டமும் இருநூறு சொச்ச மணி நேரமும் அப்போதுதான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போமே, சித்தி.”

“எப்படிச் சொல்ல? நாந்தான் அந்த வேல வெட்டி இல்லாத ஆளுன்னா?” என்றாள். வருத்தமில்லாமல்தான் சொன்னாள், சிரிப்புக்கூட இருந்தது. “நீங்க எல்லாரும் காலையில போயிட்டா, நீ வர்ற வரைக்கும் வீட்ல ஒரு சத்தம் இருக்காது. காலைல சமையல முடிச்சிட்டு அங்க போயிருவேன். யாருகிட்ட போயி நின்னாலும் பேசுவாங்க. மேல போகணும்னே தோணல. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சீங்க. சரி, இது இங்க இருந்தா நான் இங்கயேதான் கிடப்பேன்னு பட்டுச்சு.”

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த ஐந்தாம் நாள் மாடிக்கு எப்படிப் போனாள், யார் கூப்பிட்டார்கள், அல்லது தானே ஏறிப் போய் நின்றாளா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் முந்தின நான்கு நாட்களைப் பற்றியும் பேச்சு வரும். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு ரொட்டிக்கடைக்காரி போனாள், காவல்காரன் போனான். திங்கட்கிழமை சித்தப்பா கேம்ப்புக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் அந்த வீட்டில் பகலில் சித்தியோடு பேச மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். ஓட்டில் தோற்ற கோபத்தில் அந்த ஆள் வாயை இறுக மூடிக்கொண்டு, எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.